ஆம்பூரில் ரேடியோ எண்ணிய ஷஹீன் பானு

ஷஹீன் பானு பத்தொன்பது வருஷம் ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனி ஒன்றில் செக்கிங் டேபிளில் நின்றவள். டியூப் லைட்டுக்குக் கீழே ஷூ ஜோடி ஜோடியாக வரும். வலக்கையில் ஒன்று, இடக்கையில் ஒன்று எடுத்துத் திருப்புவாள். தையல் ஓரிடத்தில் தப்பியிருந்தாலும், பசை கடுகளவு பிதுங்கியிருந்தாலும், சில்வர் பேனாவால் ஒரு புள்ளி. புள்ளி விழுந்தது பெட்டிக்குள் போகாது. முதலாளியின் மச்சான் வந்து சொன்னாலும் போகாது.

இந்தப் பழக்கம் கம்பெனி கேட்டோடு நிற்கவில்லை. நிக்காஹ் வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையின் ஷெர்வானியில் மூன்றாவது பட்டன் கோணலாக இருப்பதைச் சொல்லிவிட்டுத்தான் முபாரக் சொல்வாள். டேனரியில் தோல் பதனிடும் டிரம்மை ஓட்டும் அவள் வீட்டுக்காரர் ரஷீத் அஹமது ஒருமுறை கேட்டார். "என் மேல எங்கெங்க புள்ளி வெச்சிருக்கே, காட்டு பாக்கலாம்."

"இடம் போதாம விட்டுட்டேன்" என்றாள்.

வேலை போனதும் அந்தக் கண்ணால்தான். ஒரு லாட் ஷூவில் இடது காலுக்கும் வலது காலுக்கும் நிறம் ஒரு நூல் ஒத்துப்போகவில்லை என்று அறுநூறு ஜோடியை நிறுத்தினாள். மேனேஜர் அதைப் பிடிவாதமாக அனுப்பி வைத்தார். கப்பலேறிப் போன சரக்கு, நிறம் ஒத்துப்போகவில்லை என்ற அதே காரணத்தோடு திரும்பி வந்தது. ஷஹீன் பானு சொன்னது தப்பாகப் போயிருந்தால் மேனேஜர் பெரிய மனசு பண்ணி மன்னித்திருப்பார். சரியாகப் போனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இரண்டு மாதத்தில் ஆள் குறைப்பு என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் இருந்தது ஒரே ஒரு பெயர்.

நாற்பத்தாறு வயதில் வீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பது பேச்சுக்குத்தான். முதல் வாரம் சமையலறை டப்பாக்கள் உயர வரிசையில் நின்றன. இரண்டாம் வாரம் ரஷீத் அஹமதுவின் சட்டைகள் நிற வரிசையில் தொங்கின. மூன்றாம் வாரம் அவர் சாப்பிடும்போது எந்தப் பக்கத்துப் பல்லால் மெல்லுகிறார் என்று கவனிக்க ஆரம்பித்தாள். நான்காம் வாரம் அவரே ஊரெல்லாம் அலைந்து, பொண்டாட்டிக்கு வேலை தேடி, ஜெராக்ஸ் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸைக் கிழித்துக்கொண்டு வந்தார். கணக்கெடுப்புக்குப் பெண்கள் தேவை, தமிழும் உருதும் தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது.

"இன்னா கணக்கெடுப்பு?"

"என்னமோ ஒண்ணு. மொதல்ல போ."

வேலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அரைநாள் பயிற்சி நடந்தது. சர்வே எடுத்துக் கொடுக்கும் தனியார் ஏஜென்சி ஒன்றின் ஒருங்கிணைப்பாளர் செந்தில்குமார் மைக் பிடித்தான். நல்ல பையன்தான். ஆனால் கழுத்தில் கத்தி வைத்த மாதிரி எப்போதும் ஒரு அவசரம். அவன் சொன்னதன் சாரம் இது: நாடு பூராவும் பழைய ரேடியோ ஒலிபரப்பை மெல்ல நிறுத்திவிட்டு டிஜிட்டலுக்கு மாற்றத் திட்டம் போடுகிறார்கள். எந்த ஜில்லாவில் முதலில் மாற்றுவது, பழையதை எந்த வருஷம் நிறுத்துவது என்று முடிவு செய்வதற்கு முன்னால், எந்த ஊரில் எத்தனை ரேடியோ இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்காக வீடு வீடாகப் போய் எண்ண வேண்டும். பதிலைப் பதிய ஆளுக்கு ஒரு டேப்லெட், சுருக்கமாக டேப், கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு நாற்பது வீடு.

ஷஹீன் பானு கை தூக்கினாள். "ஆட்டோல இருக்கற ரேடியோ வீட்டுக் கணக்குல வருமா?"

"அது... வராது மேடம்."

"போன்ல கேக்கறது?"

"ஃபார்ம்ல அதுக்குக் கட்டம் இல்ல மேடம்."

"ரிப்பேரான ரேடியோ?"

செந்தில்குமார் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தான். "மேடம், ஃபார்ம்ல இருக்கறத மட்டும் அப்படியே படிச்சிக் கேளுங்க. போதும்."

அப்படியேதான் படித்தாள். வந்த வினை அதிலேயே இருந்தது.

முதல் நாள் அவளுக்கு ஒதுக்கியது ஊரின் தெற்குக் கோடியில், குன்றை ஒட்டிய நாலைந்து தெருக்கள். வீட்டுக்கு வீடு பெண்கள் கம்பெனியிலிருந்து ஷூவின் மேல்பாகத்தை வாங்கி வந்து கையால் தைத்துக் கொடுக்கிற இடம். முதல் வீட்டில் பாக்யலட்சுமி என்ற பெண் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு பாய் போட்டாள். ஷஹீன் பானு டேப்பைத் திறந்து முதல் கேள்வியைத் தெளிவாக வாசித்தாள்.

"தாங்கள் ஒப்புமை வானொலியிலிருந்து எண்ணிம வானொலிக்கு இடம்பெயரத் தயாராக உள்ளீர்களா?"

பாக்யலட்சுமி வாயிலிருந்து ஊசியை எடுத்தாள். "இடம்பெயரவா? எங்க?"

"எண்ணிம வானொலிக்கு."

"அது எங்க இருக்குது? வாணியம்பாடிக்கு அந்தப் பக்கமா?"

ஷஹீன் பானு கேள்வியை மறுபடி மனசுக்குள் படித்துப் பார்த்தாள். ஒப்புமை என்றால் பழைய ரேடியோ, எண்ணிமம் என்றால் டிஜிட்டல். ஒரு ஷூவாக இருந்தால் இதற்கு நாலு புள்ளி வைத்திருப்பாள். விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் பாக்யலட்சுமி வாசலுக்குப் போய்விட்டாள். "யக்கோவ்! நம்மள காலி பண்ணச் சொல்றாங்க! எங்ககிட்ட பட்டா இருக்குது மேடம், சொல்லிட்டேன்!" பத்தே நிமிஷத்தில் தெரு பூராவும் கூடிவிட்டது. ரேடியோ ஸ்டேஷன் கட்டுவதற்குத் தெருவை எடுக்கிறார்கள் என்று ஒருத்தி. இல்லை, ரோடு அகலப்படுத்துகிறார்கள், ரேடியோ சும்மா பேருக்கு என்று இன்னொருத்தி.

"யாரும் எங்கயும் போக வேணாம்" என்று ஷஹீன் பானு டேப்பைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிக் கத்தினாள். "வீட்ல ரேடியோ இருக்குதா, எத்தினி இருக்குது, அவ்ளோதான் கேக்க வந்தேன்!"

கூட்டம் அடங்கியது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்படின்னா லைசன்ஸ்தான்."

சொன்னவர் கோதண்டபாணி. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வருஷம் பதினாறு ஆகிறது. அந்தப் பக்கத்தில் எந்தச் செய்தியும் அவர் வாய் வழியாகத்தான் வெளியே வரும். "ஒரு காலத்துல ரேடியோ வெச்சிருந்தா லைசன்ஸ் கட்டணும். வருஷா வருஷம் தபால் ஆபீசுல புக்ல ஸ்டாம்ப் ஒட்டி, நானே என் கையால சீல் குத்தியிருக்கேன். மறுபடி கொண்டு வர்றான்."

அதுவரை அந்தத் தெருவில் மூன்று வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்றும் வாயை மூடின.

அதற்கப்புறம் எந்த வீட்டிலும் ரேடியோ இல்லை. இருந்ததே இல்லை. "ரேடியோவா, எங்க காலத்துல டிவிதான்" என்று எண்பது வயதுக் கிழவர் ஒருவர் சத்தியம் செய்தார். கடைசியில் கோதண்டபாணியின் வீட்டுக்கே போய் உட்கார்ந்தாள். அவரும் கையை விரித்தார். "நம்மகிட்ட கிடையாது."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, உள்ளறையிலிருந்து கம்மலாக ஒரு குரல் கேட்டது. நெல் பயிரில் புகையான் பூச்சித் தாக்குதலைப் பற்றி யாரோ நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"அது இன்னா சத்தம் சார்?"

"பக்கத்து வீடு."

ஷஹீன் பானு எழுந்து உள்ளே நாலடி நடந்து, மூலையிலிருந்த அரிசி டிரம்மின் மூடியில் காதை வைத்தாள். "பக்கத்து வீட்டுக்காரங்க உங்க அரிசி டிரம்முக்குள்ளயா குடியிருக்காங்க?"

கோதண்டபாணி மூடியைத் திறந்து அரிசிக்குள்ளிருந்து ரேடியோவை எடுத்தார். பிறகு சொன்னார்: "அந்த சனியனுக்கு ஆஃப் பண்ற குமிழ் ஒடஞ்சி போச்சிம்மா."

முதல் நாள் கணக்கு: இருபத்திரண்டு வீடு, ஒரு ரேடியோ. அதுவும் அரிசிக்குள். செந்தில்குமார் போனில் அலறினான். "ஒண்ணா? மேடம், இதை மேல அனுப்பினா இன்னா நெனைப்பாங்க? ஜனங்களுக்குச் சொல்லிப் புரிய வைங்க மேடம்."

மறுநாள் நேராகக் கோதண்டபாணியிடம் போனாள். லைசன்ஸ் கிடையாது, வரி கிடையாது, பழைய ஒலிபரப்புக்குப் பதிலாகப் புது மாதிரி வரலாமா என்று யோசிக்கிறார்கள், அதற்குப் புது ரேடியோ வேண்டியிருக்கும், இப்போதைக்கு வெறும் திட்டம்தான் என்று பொறுமையாக விளக்கினாள். அவரும் தலையாட்டிக் கேட்டார், புரிந்தும் கொண்டார். அன்று சாயந்திரமே நாலு தெரு சுற்றி எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சேதி தெருவுக்கு ஒரு வார்த்தையைக் கொட்டிக்கொண்டே போனது. முதல் தெருவில் 'பழசுக்குப் பதிலாகப் புதுசு, யோசிக்கிறாங்க' என்று இருந்தது, இரண்டாம் தெருவில் 'பழசுக்குப் பதிலாகப் புதுசு' ஆனது. மூன்றாம் தெருவில் 'பழசைக் காட்டினால் புதுசு.' நாலாம் தெருவைத் தாண்டும்போது அந்தப் புதுசுக்கு ப்ளூடூத் இருந்தது, கூடவே டார்ச் லைட்டும் சேர்ந்திருந்தது.

அடுத்த நாள் காலையில் ரஷீத் அஹமது லுங்கியோடு கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை. கையில் ரேடியோ, கக்கத்தில் ரேடியோ. ரேடியோ இல்லாதவர்கள் கிடைத்ததைக் கொண்டு வந்திருந்தார்கள்: டேப் ரெக்கார்டர், பேசும் கடிகாரம், ஒருவர் ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின். "இதுலயும் சத்தம் வரும் மேடம்" என்று அழுத்திக் காட்டினார். ஷஹீன் பானு ஒவ்வொருவராகப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். இலவசம் எதுவும் கிடையாது, வீட்டுக்கு நானே வருவேன், போங்க. பாதிப் பேர் நம்பவில்லை. வரிசையின் கடைசியில் நின்ற ஆளை நிமிர்ந்து பார்த்தாள். ரஷீத் அஹமது, கையில் அவருடைய பழைய பாக்கெட் ரேடியோவோடு.

"நீங்க இன்னாத்துக்கு?"

"வீட்டுக்கு ஒண்ணுன்னாங்க" என்றார்.

அன்றைக்கு வீடு வீடாகப் போனபோது நிலைமை தலைகீழ். பாக்யலட்சுமி வீட்டில் மேஜை மேல் ஒரு சிவப்பு ரேடியோ ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பேட்டரி மூடி எப்போதோ தொலைந்துபோய், அந்த இடத்துக்குத் தோலில் ஒரு மூடி வெட்டி அழகாகத் தைத்து மாட்டியிருந்தார்கள். ஷஹீன் பானு பழக்க தோஷத்தில் அடிப்பக்கம் சில்வர் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, ஒன்று என்று பதிந்தாள்.

மூன்றாவது வீட்டிலும் ஒரு சிவப்பு ரேடியோ. தோல் மூடி. திருப்பினாள். புள்ளி.

"இது உங்களுதா?"

"எங்க கல்யாணத்துக்குச் சீரா வந்தது மேடம்."

எட்டாவது வீட்டில் அதே ரேடியோ மாமனார் துபாயிலிருந்து கொண்டு வந்ததாக இருந்தது. பெட்டி வெயிலில் ஓடி வந்து சூடாகவும் இருந்தது. பதினொன்றாவது வீட்டில் ரேடியோ எதுவும் கண்ணில் படவில்லை.

"உங்க வீட்ல ரேடியோ இருக்குதா?"

"இருக்குது மேடம்" என்றாள் அந்த வீட்டுப் பெண், தெருவை எட்டிப் பார்த்தபடி. "வந்துட்டே இருக்குது."

ஷஹீன் பானுவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. அதை உள்ளேயே அமுக்கிக்கொண்டு அந்தத் தோல் மூடியை நினைத்துப் பார்த்தாள். அங்குலத்துக்கு ஏழு தையல், ஒன்றுகூட ஏறி இறங்கவில்லை. ஆம்பூரில் அப்படித் தைக்கிற கை ஒன்றுதான். கம்பெனியில் அந்தக் கை தைத்து வரும் ஜோடிக்கு அவள் பத்தொன்பது வருஷத்தில் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை.

தெருமுனை திரும்பினால் அந்தக் கையின் சொந்தக்காரியே எதிரில் வந்தாள். அன்னம்மாள், ஐம்பத்தெட்டு வயது, விரல்களில் தையல் நூல் அறுத்த தழும்பு. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"செக்கர் மேடம், என் ரேடியோவ எங்கனா பாத்தீங்களா? காலைல அஞ்சே நிமிஷம்னு ஒருத்தி வாங்கினு போனா. கேட்டா அவகிட்ட இல்ல, இவகிட்டன்றாங்க. ஒரே பேஜார்."

"பாத்தேன்க்கா. மூணு வீட்ல பாத்தேன்."

"பதினோரு மணி நாடகம் போச்சு மேடம்! அந்த மருமக விஷம் குடிச்சாளா இல்லையான்னு நேத்தே நிறுத்திட்டான்."

இரண்டு பேரும் சேர்ந்து தேடினார்கள். ஏழாவதாகக் கைமாறிய வீட்டில் அகப்பட்டது. அங்கே அதற்குச் சந்தனம், குங்குமம் இட்டுப் பூவும் வைத்திருந்தார்கள். அன்னம்மாள் ரேடியோவை முந்தானையால் துடைத்து இடுப்பில் தூக்கி வைத்து, ஷஹீன் பானுவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். போய் உட்கார்ந்து திருகினாள். இரைச்சலுக்கு நடுவே சென்னை ஸ்டேஷன் வந்தது. உடனே ஊசியை எடுத்துத் தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

"டிவி பாக்க மாட்டீங்களாக்கா?"

"டிவி பாத்தா கண்ணு அங்க போவும். ஊசி வெரல்ல போவும். இது காதுக்கு மட்டும். கையும் கண்ணும் என்கிட்டயே இருக்கும்."

ஷஹீன் பானு டேப்பில் அந்தப் பதிலை எங்கே எழுதுவது என்று தேடினாள். இடம் இல்லை. கடைசிக் கேள்வி மட்டும் பாக்கி. "பழைய ஒலிபரப்பு நிறுத்தப்படும்போது தங்கள் மனநிலை: மகிழ்ச்சி, மிக்க மகிழ்ச்சி, கருத்து இல்லை."

"இன்னா மேடம், துக்கத்துக்குப் பொத்தான் இல்லையா?" என்று கேட்டாள் அன்னம்மாள்.

ஒரே ரேடியோவை இரண்டு தடவை எண்ணிவிடாமல் இருக்க, போன வீட்டுக்கே திரும்பத் திரும்பப் போய் மூன்று வாரம் சுற்றினாள். முடிவில் அவள் கணக்கு இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கு முப்பத்தோரு ரேடியோ. மற்ற தெருக்களில் கணக்கெடுத்த பெண்கள் வீட்டுக்கு ஒன்று வீதம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார்கள். ஒரே ரேடியோவை மறுபடி மறுபடி பார்த்தோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

செந்தில்குமார் நேரிலேயே வந்துவிட்டான். "மேடம், ஊரெல்லாம் தொண்ணூறு பர்சென்ட். உங்க ஏரியா மட்டும் பதினஞ்சு. ஒத்து வரல. கொஞ்சம் ஏத்திப் போட்டுடலாம். யாருக்கும் நஷ்டம் இல்ல."

"ரிஜெக்ட்னா ரிஜெக்ட்தான் தம்பி. என் கணக்கு சரி. மத்த கணக்கைத் திறந்து பாருங்க."

"மேலேர்ந்து ஆபீசர் வந்து செக் பண்ணுவாங்க மேடம்!"

"வரட்டும். செக் பண்றவங்கன்னா எனக்குப் பிடிக்கும்."

நிஜமாகவே வந்துவிட்டார். டெல்லியிலிருந்து திரிபாதி என்று ஒரு எஞ்சினியர். உயரமான, சாதுவான மனிதர். மடியில் குழந்தையைப் போல ஒரு புது டிஜிட்டல் ரேடியோவை வைத்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினார். தமிழ் தெரியாது. செந்தில்குமார் மொழிபெயர்த்தான். அவன் இந்தி பள்ளிக்கூடத்துப் பரீட்சையோடு நின்றுபோன இந்தி.

"இந்தத் தெருவில் மட்டும் ஏன் இவ்வளவு கம்மி என்று கேளுங்கள்" என்றார் திரிபாதி.

செந்தில்குமார் ஷஹீன் பானுவைப் பார்த்து, "சார் உங்க வேலைய ரொம்பப் பாராட்டறார்" என்றான்.

அவள் அவனைத் தாண்டி நேராகத் திரிபாதியிடம் உருதுவில் பேச ஆரம்பித்தாள். ஆம்பூர் உருது. அவள் 'நக்கோ' என்று சொன்னபோதெல்லாம் அவர் புருவம் தூக்கினார். அப்படியென்றால் வேண்டாம் என்று மூன்றாவது தடவையில் பிடித்துக்கொண்டார். அப்புறம் அவரும் ஒரு நக்கோ போட்டார். செந்தில்குமார் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றான்.

ஏழு வீடு சுற்றிய ரேடியோவைப் பற்றிக் கேட்டதும் திரிபாதியின் முகம் மலர்ந்தது. "ஆஹா, ஏழு குடும்பம் ஒரே ரேடியோவைப் பகிர்ந்து கேட்கிறார்களா! எப்பேர்ப்பட்ட ஒற்றுமை! இதை ரிப்போர்ட்டில் போட வேண்டும்."

"ஒற்றுமை இல்ல சாப், மோசடி" என்றாள் ஷஹீன் பானு. "ஆனா ஒற்றுமையா பண்ணாங்க, அது நிஜம்."

அன்னம்மாள் வீட்டுக்கு அழைத்துப் போனாள். சிவப்பு ரேடியோ இரைந்துகொண்டே பாடியது. திரிபாதி பக்கத்தில் தன் புது ரேடியோவை வைத்து, சோதனை ஒலிபரப்பு ஓடும் நேரம் பார்த்து முடுக்கினார். அழகான சின்னத் திரை, அதில் பச்சை எழுத்து. சத்தம் மட்டும் இல்லை.

"குன்று மறைக்கிறது" என்றார். "பழையது சிக்னல் குறைந்தால் இரைச்சலோடு வரும். டிஜிட்டல் அப்படி இல்லை. வந்தால் பளிச்சென்று வரும். குறைந்தால் மொத்தமாக நின்றுவிடும்."

ஜன்னலோரம் கொண்டுபோனார்கள். இல்லை. வாசலுக்கு வந்தார்கள். இல்லை. தெருவே பின்னால் வந்தது. "இந்தப் பக்கம் சார்", "அந்த முருங்கை மரத்துக்கிட்ட சார்" என்று ஆளுக்கொரு யோசனை. கோதண்டபாணி ஆன்டெனாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டால் வரும் என்று சொல்லி, தானே பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் கொடிக்கம்பம் போல நின்றார். கடைசியில் ஏணி வைத்து பாக்யலட்சுமி வீட்டு மொட்டை மாடியில் ஏறினார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்ததும் வந்தது பாருங்கள், ஒரு குரல்! துளி இரைச்சல் இல்லை. பேசுகிறவர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. கீழே இருந்தவர்கள் கை தட்டினார்கள். திரிபாதி பெருமையோடு அன்னம்மாளைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்டாள். "ரொம்ப சுத்தமா இருக்குது சார். பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி. ஆனா இந்த வெயில்ல தொட்டி மேல உக்காந்து நான் எப்டி ஷூ தெக்கறது?"

ஷஹீன் பானு அதை ஒரு வார்த்தை விடாமல் உருதுவில் சொன்னாள். திரிபாதி தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். செந்தில்குமார் எட்டி எட்டி நோட்டைப் பார்த்தான்.

"இன்னும் ஒரு இடம் இருக்குது சாப்" என்றாள் ஷஹீன் பானு.

அந்த இடம் அவளுடைய பழைய கம்பெனி. டெல்லி ஆபீசர் என்றதும் மேனேஜர் கேட் வரை ஓடி வந்தார். பின்னாலிருந்து இறங்கிய ஷஹீன் பானுவைப் பார்த்ததும் கும்பிட்ட கை பாதியில் நின்றது. அப்புறம் வேறு வழியில்லாமல் முழுசாகக் கும்பிட்டு, "வாங்க மேடம்" என்றார். பத்தொன்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து கேட்காத மேடம்.

தையல் ஹாலில் முந்நூற்று நாற்பது பெண்கள். மிஷின் சத்தத்துக்கு மேலே, கூரையில் கட்டிய ஸ்பீக்கர்களில் எஃப்.எம். ஓடியது. அத்தனைக்கும் வருகை பதியும் டைம் ஆபீஸில் இருந்த ஒரே ரேடியோதான் மூலம். மிஷினில் குனிந்திருந்த பெண்கள் எல்லோர் உதடும் ஒரே பாட்டை முணுமுணுத்தன. ஷஹீன் பானு திரிபாதியின் காதருகே கத்தினாள். "இவங்கள்ல என் ஏரியாவுல இருக்கறவங்க யார் வீட்லயும் ரேடியோ கிடையாது சாப். நானே போய்க் கேட்டேன். ஃபார்ம் கணக்குப்படி இங்க ரேடியோ கேக்கறவங்க சைபர். இதே மாதிரி எத்தினி கம்பெனி, எத்தினி டேனரி, எத்தினி ஆட்டோ! நீங்க பொட்டிய எண்றீங்க. காத எண்ணணும்."

திரிபாதி அந்தக் கடைசி வார்த்தைகளை நோட்டில் எழுதிக்கொண்டார். போகிற வழியில் ஷஹீன் பானு செக்கிங் டேபிளுக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். ஒரு ஜோடியை எடுத்தாள், திருப்பினாள், இடது குதிகாலில் ஒரு புள்ளி வைத்து மேனேஜரின் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள். அவர் அதை வாங்கிப் பார்த்தார். பசை பிதுங்கியிருந்தது.

இரண்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவுதான் என்று ஷஹீன் பானு மறுபடி டப்பாக்களைப் பார்க்க ஆரம்பித்தாள். ரஷீத் அஹமதுவுக்குப் பகீரென்றது. தினம் டேனரியிலிருந்து வந்ததும் முதல் கேள்வி, "டெல்லிலேர்ந்து போன் வந்திச்சா?" என்பதுதான். அவர் தொழுகையில் அதற்காகத் தனியாக துஆ செய்ததாக டேனரியில் சொல்லியிருக்கிறார்.

போன் வந்தது, செந்தில்குமாரிடமிருந்து. அவன் குரலில் பழைய அவசரம் இல்லை, கொஞ்சம் மரியாதை இருந்தது. வேலூர், ஆம்பூர் பக்கத்துக்குப் பழைய ஒலிபரப்பை நிறுத்தும் தேதி என்ற இடத்தில் 'பின்னர் தீர்மானிக்கப்படும்' என்று போட்டுவிட்டார்களாம். குன்றை ஒட்டிய ஊர்களில் சிக்னலை முதலில் அளந்து பார்க்கப் போகிறார்களாம். கணக்கெடுப்பு முழுக்க மறுபடி நடக்கப் போகிறது. ஃபார்மை மாற்றி எழுதுகிறார்கள். தமிழ் ஃபார்மை அச்சுக்குப் போகுமுன் ஷஹீன் பானு மேடம் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று டெல்லியிலிருந்தே சொல்லியிருக்கிறார்கள்.

பார்த்தாள். நாலு பக்க ஃபார்மில் நாற்பத்து மூன்று புள்ளி வைத்தாள். ஒப்புமையும் எண்ணிமமும் போயின. இடம்பெயர்தல் போனது. மனநிலைக் கேள்வியில் 'வருத்தம்' என்று ஒன்று சேர்ந்தது. அதைச் சேர்க்க மட்டும் மூன்று முறை போன் போக வேண்டியிருந்தது. ரேடியோ நிறுத்தத்துக்கு யார் வருத்தப்படப் போகிறார்கள் என்று மேலே ஒருவருக்குச் சந்தேகமாம். அன்னம்மாளின் போன் நம்பரைக் கொடுத்து, நேரடியாகக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றாள். அதற்கப்புறம் அங்கிருந்து யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டாவது சுற்றில் அவள் வெறும் கணக்கெடுப்பாளர் இல்லை. பதினாலு பெண்களுக்கு மேற்பார்வை. மேல்விஷாரத்தில் ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு சில்வர் பேனா வாங்கிக் கொடுத்து, பார்த்த ரேடியோவுக்கெல்லாம் அடியில் புள்ளி வைக்கச் சொன்னாள். முதல் வீட்டுக்கு வழிகாட்ட அவளே போனாள். கதவைத் திறந்த அம்மாளின் கையில் மாவு. உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு, "இன்னா கேக்கணுமோ சீக்கிரம் கேளும்மா, அடுப்புல வேல கெடக்குது" என்றாள்.

ஷஹீன் பானு டேப்பைப் பார்க்கவில்லை. அந்த முதல் கேள்வி அவளே எழுதியது.

"நீங்க ரேடியோ எங்க கேப்பீங்க?"

அந்த அம்மாள் மாவுக் கையை இடுப்பில் ஊன்றிக் கொஞ்சம் யோசித்தாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். பேச ஆரம்பித்தவள் முக்கால் மணி நேரம் நிறுத்தவில்லை. உள்ளே எதுவோ தீய்ந்த வாசனை வந்தபோதுதான் இரண்டு பேரும் எழுந்து ஓடினார்கள்.